மூச்சுக்கு வந்தவர்கள்

துறைமுகக் குடியிருப்பின் வாசலில் மோப்பான் சிவந்தபோது, இதழினி அமலியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தாள்.

"இறக்கி விடுங்க," என்றாள் கோமதி. "பிள்ளைய இறக்கி விடுங்க அக்கா." குரலை உயர்த்தாமல் சொன்னாள். அது சத்தம் போட்டதைவிடப் பயமாக இருந்தது.

அந்தக் கோடையில்தான் தூத்துக்குடிக்கு வறட்டுக் காய்ச்சல் வந்திருந்தது. நெஞ்சு காய்ந்து மூச்சு நின்றுபோகும் நோய். படுத்தவர்களில் பாதிப் பேர் எழுந்திருக்கவில்லை. போன வருடத்துத் தடுப்பூசி இந்த வருடத்துக் கிருமியிடம் பலிக்கவில்லை. புதியது வர மாதங்கள் ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் இருந்த ஒரே காவல் மோப்பான்தான். சிரட்டை அளவில் ஒவ்வொரு வாசலிலும் தொங்கும். உள்ளே நுழைகிறவரின் மூச்சை முகர்ந்து, கிருமி இல்லையென்றால் பச்சை, இருந்தால் சிவப்பு காட்டும்.

அமலி என்கிற அமலோற்பவம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். நோய் பரவத் தொடங்கியதும் வேலையாட்களை வெளியே விடாமல் அங்கேயே தங்கவைத்துவிட்டார்கள். பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்தாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. கீழ்த்தளத்துக் கோமதியின் மகள் "அமலி அத்தே" என்று ஓடிவந்து தாவியபோது, யோசிக்காமல் தூக்கிக்கொண்டாள்.

பிள்ளையைக் கீழே விட்டாள். கோமதி மகளைப் பிடித்து இழுத்துத் தன் முந்தானையாலேயே அவள் முகத்தைத் துடைத்தாள், தோல் உரிந்துவிடும்போல.

மூன்றாம் மாடிப் பால்கனியில் அமலியின் கணவன் சூசை வந்து நின்றான். "ஏட்டி, வந்துட்டியா? இரு, வாறேன்."

"வராதீய," என்று அமலி கத்தினாள். "அங்கனயே நில்லுங்க. கதவைத் திறக்காதீய."

சூசையின் உடம்பில் இருந்தது அமலியின் சிறுநீரகம். நான்கு வருடத்துக்கு முன் கொடுத்தது. வந்த உறுப்பை உடம்பு வெளியாள் என்று நினைத்துத் தாக்கிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைத் தூங்கவைக்கும் மாத்திரைகளை அவன் ஆயுள் முழுவதும் விழுங்கியாக வேண்டும். சாதாரணச் சளியே அவனை ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கும்.

நோயாளிகளை ஏற்றிப்போகும் வண்டி வருவதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ அவள் நின்ற இடத்தைச் சுற்றி வெளுப்புத்தூளைக் கோடுபோலக் கொட்டினார்கள். பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் பலகாரம் கொடுத்து வாங்கிய முகங்கள்தான் அத்தனையும். கோமதி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"தெரிஞ்சேதான் வந்தியளாக்கா?"

அதற்கு என்ன சொன்னாலும் நிற்காது என்று அமலிக்குத் தெரிந்தது. வண்டியில் ஏறினாள்.

முகாம், ஊருக்கு வெளியே உப்பளத்தை ஒட்டிய ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி. ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் குத்தின. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் முதல் நாளே போய்விட்டாள். அதற்கடுத்த கட்டிலும் காலியானது. அமலிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. தன் நெஞ்சு எப்போது காயும் என்று ஒவ்வொரு மூச்சாக இழுத்துப் பார்த்தாள். அதைவிடப் பெரிய பயம் பிள்ளையைப் பற்றியது. கோமதி போனை எடுக்கவேயில்லை.

சூசைதான் சொன்னான். "பிள்ளைக்குக் காய்ச்சலாம்."

"எம்புட்டு?"

"தெரியல. யாரும் என்கிட்ட பேச மாட்டுக்காவ. தண்ணிக்குக் கூடையக் கயித்துல கட்டி இறக்குதேன். கூடையில போட்டுட்டுக் கையக் கழுவுதாவ. நான் அவள இன்னும் பார்க்கவே இல்லய்யான்னு சொன்னாலும் கேக்க மாட்டுக்காவ."

"நீங்க வேளைக்கு மாத்திரை போடுதியளா?"

"போடுதேன். நீ சாப்பிட்டியா?"

அவள் சாப்பிட்டிருக்கவில்லை. அருள்நிறைந்த மரியே என்று தொடங்குவாள், பாதியில் அந்தப் பிள்ளையின் கை கழுத்தைச் சுற்றியிருந்த சூடு நினைவுக்கு வரும், ஜெபம் அறுந்துவிடும்.

ஒருநாள் டாக்டர் தளவாய் வந்தார். முகாம் முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. நாற்பது வயதுக்காரர், தூங்காத கண்கள். முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அமலி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"தள்ளிப் போங்க சார்."

"வேணாம்மா. உங்ககிட்டருந்து எனக்கு வந்தா நல்லதுதான்." அவர் சிரிக்க முயன்றார். "கோமதியோட பிள்ளை நல்லா இருக்கு. ரெண்டு நாள் காய்ச்சல், முதுகுல நாலு கொப்புளம், அவ்வளவுதான். இப்ப மீன்குழம்பு கேட்டு அழுதாம்."

அமலி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுது முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"ஆனா அந்தப் பிள்ளையோட அப்பா போயிட்டாரு. அது உங்களால இல்ல. அவருக்கு மார்க்கெட்ல யார்கிட்டயோ தொத்தியிருக்கு. அசல் நோய். முடியாமப் படுத்திருந்தப்ப இந்தப் பிள்ளை ராத்திரி பூரா அவர் நெஞ்சுமேலயே கிடந்திருக்கு. ஒண்ணும் ஆகல. பிள்ளைகிட்டருந்து அம்மாவுக்கு அதே நாலு கொப்புளம். அவங்களுக்கும் ஒண்ணும் ஆகல. துறைமுகத்துல உங்ககூட ஒரே மேசையில சாப்பிட்டவங்களையும் விசாரிச்சேன். அத்தனை பேரும் தப்பிச்சிருக்காங்க."

"அப்படின்னா?"

"உங்க உடம்புக்குள்ள அந்தக் கிருமி மாறிப்போச்சு. பல்லு பிடுங்கின பாம்பு மாதிரி. கடிக்கும், விஷம் ஏறாது. ஆனா ஒரு தடவை அது கடிச்சுட்டா அசல் பாம்பு கடிச்சாலும் சாவு வராது."

"அப்ப ஊசியில எடுத்து எல்லாருக்கும் போட்ருங்க."

"ஆய்வுக்கூடத்துல வளர்த்துப் பாத்தோம். கண்ணாடிக்குள்ள வச்சா மறுபடி பல்லு முளைக்குது. ஆள்கிட்டருந்து ஆளுக்குப் போனாத்தான் சாதுவா இருக்கு. அந்தக் காலத்துல அம்மைக்கு இப்படித்தான் செஞ்சாங்க. ஒருத்தர் கைப்புண்ணுலருந்து அடுத்தவர் கைக்கு. வழியில அது அத்துப்போகாம இருக்க, கப்பல்ல பிள்ளைகளையே ஏத்திக் கொண்டுபோனாங்களாம்."

அமலி கேட்க நினைத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எங்க வீட்டுக்காரருக்கு?"

தளவாய் தரையைப் பார்த்தார். "காவல் தூங்குற வீடும்மா அது. பல்லு இல்லாத பாம்பும் அங்க போகக் கூடாது."

கிருமியை உடம்பிலிருந்து அறவே நீக்க மாத்திரை இருந்தது. நெஞ்சு காய்ந்தவர்களுக்கு அது உதவாது. அவளைப் போல லேசாக இருப்பவர்களுக்குக் கேட்கும். விழுங்கினால் ஒரே வாரத்தில் சூசையிடம் போய்விடலாம். தளவாய் அதை மறைக்கவில்லை. ஊர்க்காரர்கள் அவளிடமிருந்து தொற்றிக்கொண்டு போக, ஒரு மாதம் பொறுக்க முடியுமா என்று கேட்டார். அமலி சூசையிடம் கேட்டாள்.

"பிள்ளைக சாவுது," என்றான் அவன். "என்னைய ஒரு சாக்கா வச்சு நீ வந்துறாத. நான் இருந்துக்கிடுவேன்."

கிட்டங்கியின் ஒரு மூலையைத் தடுத்து அறையாக்கினார்கள். மூச்சறை என்று பெயர் வந்துவிட்டது. நடுவில் அமலிக்கு ஒரு நாற்காலி. சுற்றிலும் பெஞ்சுகள். குடும்பம் குடும்பமாக வந்து ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்த முகாமிலிருந்து நாலைந்து பேர் பெஞ்சுகளுக்கு நடுவே இருப்பார்கள்.

முதல் சில நாட்கள் யாரும் வரவில்லை. பிறகு ஒருநாள் காலையில் கோமதி வந்தாள். கணவன் போன நெற்றி வெறுமையாக இருந்தது. அவள் கூடவே குடியிருப்பில் பாதிப் பேர் வந்திருந்தார்கள், பிள்ளைகளோடு. அமலியின் காலருகே உட்கார்ந்து கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்கு நான் கேட்டது..."

"விடு," என்றாள் அமலி. அந்தக் கேள்வி இன்னும் உள்ளே கிடந்தது. மன்னித்தேனா என்று அவளுக்கே தெரியவில்லை. கோமதி அன்றிலிருந்து மூச்சறையிலேயே வேலைக்கு நின்றுவிட்டாள்.

அந்தக் குடியிருப்பிலிருந்து வந்துபோன ஒருவருக்கும் நெஞ்சு காயவில்லை என்ற செய்தி பரவியதும் வரிசை உப்பளத்துக் கரைவரை நீண்டது. அறை வாசலில் யாரோ வேப்பிலை கட்டினார்கள். மறுநாள் மஞ்சள்நீர்ச் செம்பு வந்தது. வேறு சிலர் ஜெபமாலைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்து எடுத்துப் போனார்கள். "கொஞ்சம் இருமுங்கம்மா" என்று கைக்குழந்தையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். ஒருத்தி அவள் சேலை ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். வெளியே இடம் கிடைக்காத ஒருவன் ஜன்னல் கம்பியைப் பெயர்த்து உள்ளே குதித்தபோது, அமலி நாற்காலியோடு கீழே விழுந்தாள். பிறகு அவளுக்குக் காவல் போட்டார்கள். கழிப்பறைக்குப் போனாலும் பின்னால் ஒரு காலடிச் சத்தம்.

"வாசல்ல நின்னப்ப இவ்வளவு பயமில்ல சார்," என்றாள் தளவாயிடம். "அவுக பார்க்கப் பார்க்க, நான்னு ஒருத்தி இங்க இல்லாத மாதிரி இருக்கு."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அம்மை போட்டா அம்மா வந்திருக்கான்னு வேப்பிலை கட்டினாங்க. வீட்டுல சத்தமாப் பேசக்கூட மாட்டாங்க. அதே சனம் காலரான்னா படுத்தவங்களைப் போட்டுட்டு ஓடுனாங்க. குஷ்டம்னா ஊருக்கு வெளிய. காசநோய்னா கல்யாணம் நின்னுரும்னு மூச்சு விட மாட்டாங்க. எய்ட்ஸ் வந்தவனுக்குத் தனி டம்ளர். கொரோனால வாசலுக்குத் தகரம் அடிச்சாங்க. எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல மனுஷங்க கிருமிக்குப் பயந்ததைவிடப் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்ததுதான் ஜாஸ்தி."

"கும்பிட்டதும் பயத்துலதான்," என்றாள் அமலி.

அவர் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

ஒரு மாதம் முடிந்தது. இன்னும் கொஞ்ச நாள் என்றார் தளவாய். திருச்செந்தூரிலிருந்தும் ஒட்டப்பிடாரத்திலிருந்தும் பேருந்துகள் வந்துகொண்டிருந்தன. அமலி சரி என்றாள். சூசையின் குரல் போனில் மெலிந்துகொண்டே வந்ததை அவள் கவனித்தாள். கேட்டால் தூக்கக் கலக்கம் என்பான்.

கோமதிதான் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணன் ரெண்டு நாளாக் கூடை இறக்கலக்கா. கதவைத் தட்டுனா 'போட்டும், அவட்ட சொல்லாத'ங்காவ."

அமலி அங்கேயே, வரிசை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, போன் போட்டாள்.

"லேசா மூத்திரக் கடுப்பு," என்றான் சூசை. "காய்ச்சல் கொஞ்சம் இருக்கு. தண்ணி சரியாக் குடிக்கல, அதான். கூடைய இறக்கி ஏத்த முடியல பாத்துக்க."

அன்று மாலையே அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் வரை தொற்று ஏறிவிட்டது என்றார்கள்.

அமலி தளவாயின் அறைக்குள் நுழைந்து கையை நீட்டினாள். "மாத்திரையக் குடுங்க."

அவர் எழுந்தார். அப்புறம் உட்கார்ந்தார்.

"குடுங்க சார். இன்னைக்கு முழுங்கினாத்தான் ஒரு வாரத்துலயாவது அவரைப் பாக்கலாம்."

"மாத்திரை வேண்டாம்மா."

"ஊரு எப்படியும் போட்டும். எனக்கு அவர் வேணும்."

"வேண்டாம்னா, தேவையில்ல. உங்ககிட்ட அது இப்ப இல்ல. உடம்பே சரி பண்ணிக்கிச்சு, இனி உங்கள அது ஒட்டாது. மூணு வாரமாச்சு."

அமலிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அது நெஞ்சுக்கு வந்து சேருவதற்குள் மற்றது புரிந்துவிட்டது.

"மூணு வாரமா நான் இங்க..."

"பெஞ்சுகளுக்கு நடுவுல நிக்கறாங்களே, அவங்ககிட்டருந்துதான் போச்சு. முதல்ல கோமதி. அப்புறம் புதுசாத் தொத்தினவங்க, ஒருத்தர் மாத்தி ஒருத்தர்."

"கோமதிக்குத் தெரியுமா?"

"தான் குடுக்கறது தெரியும். உங்ககிட்ட தீந்துபோனது தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"ஏன் சார்?"

"வெளியில முயற்சி பண்ணினேம்மா. ஒரு தெருவுல லேசான கிருமி இருக்கிற ஒருத்தரைக் கொண்டு உக்காரவச்சோம். அடிச்சு மண்டைய உடைச்சுட்டாங்க. அவன் இருமினா கல்லெடுக்கறாங்க. நீங்க இருமினா கையேந்தறாங்க. நீங்க நாற்காலியில இருந்தாத்தான் அந்தப் பெஞ்சுல உக்காருவாங்க. நீங்க போயிட்டா நிறைய பிள்ளைக... சொல்லியிருந்தா நீங்க போயிருப்பீங்க."

"போயிருப்பேன்," என்றாள் அமலி. "பகல்ல போய்க் கஞ்சி வச்சுக் குடுத்துட்டு, அவருக்குத் தண்ணி காய்ச்சி வச்சுட்டு, திரும்பி வந்து உங்க நாற்காலியில உக்காந்திருப்பேன். நீங்க கேக்கவே இல்லையே."

தளவாய் இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். அதை அவர் யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவள் அவரைத் திட்டவில்லை. அதற்கு நேரமில்லை. வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே குனிந்து வெளியே வந்து, காவலுக்கு நின்றவனிடமே வண்டி கேட்டாள்.

சூசை பிழைத்தான். சிறுநீரகம் பிழைக்கவில்லை.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்றார்கள். குழாய்கள் செருகிய கையை விட்டுவிட்டு மற்றக் கையால் அவள் விரல்களைத் தடவினான். அவள் அவனைத் தொட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. இருவருக்கும் பயமாக இருந்தது, பழக்கத்தில்.

"உன்னுதைக் காப்பாத்த முடியாமப் போச்சுட்டி," என்றான்.

"போட்டும். நீங்க இருக்கீய."

"அந்தப் பிள்ளைக எல்லாம் இருக்குல்லா?"

"இருக்கு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூன்று வாரக் கதையை அமலி அவனிடம் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம், அல்லது சொல்லாமலே விடலாம்.

அவள் போன பிறகு மூச்சறைக்கு வரிசை நின்றுபோனது. அரசாங்கம் வேறு வழி செய்தது. லேசான கிருமி இருப்பவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அவர்களைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். வானொலியும் ஒலிபெருக்கி வண்டியும் நாள் முழுக்க அதைச் சொல்லின. ஊர் மஞ்சள் பட்டையைக் கண்டதும் தெருவின் மறுபக்கம் மாறி நடந்தது. வறட்டுக் காய்ச்சல் மறுபடி ஏறத் தொடங்கியது.

டயாலிசிஸ் நாளொன்றில் அமலி கஞ்சித் தூக்குவாளியோடு பேருந்துக்குக் காத்திருந்தாள். நிழற்குடையின் பெஞ்சில் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. மற்ற எல்லாரும் பெஞ்சை விட்டுவிட்டு வெயிலில் நின்றார்கள். அவன் யாரையும் பார்க்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயிலில் நின்ற ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, அமலியை அடையாளம் கண்டுகொண்டாள். கிட்டத்தட்ட ஓடி வந்தாள்.

"அம்மா, நீங்கதானே? உப்பளத்துக்கு மூணு வாட்டி வந்தேன், இடம் கிடைக்கல. எங்க தெருவுல வந்துட்டும்மா. பிள்ளை மேல கொஞ்சம் ஊதுங்க."

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல தாயி."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா."

"நெசமாத்தான் சொல்லுதேன். எங்கிட்ட தீந்துபோச்சு." அமலி பெஞ்சைக் காட்டினாள். "அந்தத் தம்பிகிட்ட இருக்கு. போய் உக்காரு. ரெண்டு நாள் காய்ச்சலடிக்கும், அவ்வளவுதான்."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். குழந்தையின் தலையைத் தன் தோளுக்குள் அமுக்கிக்கொண்டாள். "அய்யோ, வேண்டாம்மா. அவன் யாரோ எவனோ."

அமலி நின்றாள். அந்த நாற்காலி ஞாபகம் வந்தது. கிழிந்த சேலையும், பின்னாலேயே வந்த காலடிச் சத்தமும். இங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அவள் பெஞ்சுக்குப் போய், அந்த மனிதனின் தோள் படுகிற மாதிரி நெருங்கி உட்கார்ந்தாள். அவன் திடுக்கிட்டு விலகப் பார்த்தான்.

"பரவால்ல தம்பி, இரு."

பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "நான் இங்கதானே இருக்கேன். வா."

அவள் வந்தாள். முதலில் அமலியின் மறுபக்கம் உட்கார்ந்தாள். அமலி எழுந்து, அவளை நடுவில் நகர்த்திவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை பிடிக்கவில்லை. அது மஞ்சள் பட்டையைப் பார்த்துக் கையை நீட்டியது. அவன் மணிக்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, எந்த நொடியிலும் இழுத்துக்கொள்ளத் தயாராக, நீட்டினான். வெயிலில் நின்றவர்களில் ஒரு கிழவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி ஓரடி நிழலுக்குள் வந்தார்.

ஆஸ்பத்திரிப் பேருந்து வந்து நின்றது. பார்வையாளர் நேரம் முடிவதற்குள் போக இது ஒன்றுதான். அமலி தூக்குவாளியின் பிடியைப் பற்றினாள். அந்தப் பெண்ணின் கை அவள் சேலையைப் பிடித்திருந்தது. தான் எழுந்தால் அவளும் எழுந்துவிடுவாள் என்று தெரிந்தது.

நடத்துநர் ஒருமுறை அவளைப் பார்த்தார். அமலி தலையசைத்து, போகச் சொன்னாள்.